இருட்டறையில் கட்டிப் போட்டால் காவல் நாய் ஆகுமா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்கிறார். ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்து வீடு. அவர், மனைவி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், 68 வயது அம்மா. அவருக்குத் திருப்பூரில் வேலை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டரைக்குத்தான் வீடு. போன தை மாதம் பக்கத்துத் தோட்டத்தில் கிணற்று மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த பயத்தில், வீட்டில் கலந்து பேசாமலேயே, 18,000 ரூபாய் கொடுத்து ஒரு ஆண் ராட்வீலர் குட்டி வாங்கி வந்துவிட்டார். வாங்கும்போது 45 நாள். இப்போது 75 நாள், எடை 9 கிலோ. பெயர் கருப்பன்.

கருப்பன் எல்லோர் கையையும் கடிக்கிறான். அம்மாவின் புடவை முந்தானையைப் பிடித்து இழுக்கிறான். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போனால் உறுமுகிறான். நாய் பழக்கத் தெரிந்தவர் என்று ஊரில் பெயர் வாங்கிய ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "உறுமினால் மல்லாக்கப் போட்டு அமுக்கு, வெளியாள் யாரும் தொடக் கூடாது, பகலில் இருட்டு ரூமில் கட்டு, சோற்றில் கொஞ்சம் மிளகாய்ப்பொடி கல, அப்போதுதான் ரோஷம் வரும்" என்று சொல்லியிருக்கிறார். மனைவி, "இதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். இந்த இனத்தை அரசு தடை செய்துவிட்டது என்று வேறு யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். என்ன செய்யலாம் என்பது கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் பாப்பாவின் கை

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குச் சற்று மேலே, "மூன்று நாள் முன்பு விளையாடும்போது பாப்பா மணிக்கட்டில் பல் பட்டு லேசாக ரத்தம் வந்தது, மஞ்சள் வைத்துவிட்டோம், குட்டிதானே" என்று ஒரு வரி இருக்கிறது. நான்கு பக்கத்திலும் அவசரமான வரி அதுதான். படித்த கையோடு நீங்கள் கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்தேன். அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி தொடங்கிவிட்டதாக மாலையில் சொன்னீர்கள். சரி, உங்கள் வீட்டில் அது முடிந்தது. இதே வரியை மனதுக்குள் சொல்லிக்கொண்டு சும்மா இருக்கிற மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

குட்டி கடித்தால் ரேபிஸ் வராது என்று ஒரு கணக்கும் கிடையாது. குட்டிக்கே ரேபிஸ் தடுப்பூசியை மூன்று மாதம் ஆன பிறகுதான் போடுகிறோம். அதுவரை அதற்குப் பாதுகாப்பு இல்லை. விற்றவர் வீட்டில் தாய்க்கு ஊசி போட்டார்களா, தெருநாய் ஏதாவது உள்ளே வந்து போனதா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பல் பட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ம் நாள் என்று நான்கு முறை. தசையில் போடுவதென்றால் 14-ம் நாளும் சேர்ந்து ஐந்து முறை. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போடச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வராதீர்கள். "பத்து நாள் நாயைப் பார்ப்போம், அதற்கு ஏதாவது ஆனால் ஊசி போட்டுக்கொள்வோம்" என்பது இன்றும் நான் வாரம் ஒருமுறை கேட்கிற பேச்சு. பார்ப்பதும் ஊசியும் ஒன்றாகத் தொடங்க வேண்டும்.

இனி கருப்பன்.

கையைக் கடிப்பது கோபமில்லை

75 நாள் குட்டிக்கு வாய்தான் கை. நம் குழந்தை எதையும் எடுத்து வாயில் வைப்பது போலத்தான் இதுவும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் கூடப் பிறந்த குட்டிகளிடமும். ஒன்று இன்னொன்றைக் கொஞ்சம் பலமாகக் கடித்தால் அது வீலென்று கத்தும், விளையாட்டு அதோடு நின்றுபோகும். தாய் பால் கொடுக்காமல் எழுந்து போய்விடும். ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை நாளெல்லாம் நடக்கிற பாடம் இது. உங்கள் குட்டியை 45-வது நாளில், அதாவது ஆறரை வாரத்தில், பள்ளியிலிருந்து பாதியில் இழுத்து வந்துவிட்டோம்.

தமிழ்நாட்டில் 45 நாள் என்பது ஏதோ சாஸ்திரம் போல ஆகிவிட்டது. ஆனால் நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்து 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். அடுத்த முறை யாராவது "சார், 45 நாள், கரெக்டா எடுத்துக்கலாம்" என்றால் இதைக் கேளுங்கள்.

போனது போகட்டும். மீதிப் பாடத்தை நீங்கள்தான் நடத்த வேண்டும். கை மேல் பல் அழுந்தியதும் விளையாட்டு நிற்க வேண்டும். கத்த வேண்டாம், மூக்கில் தட்ட வேண்டாம், செய்தித்தாளைச் சுருட்ட வேண்டாம். எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அரை நிமிடம் நில்லுங்கள். பிறகு கை இருந்த இடத்தில் ஒரு முறுக்கிய பழைய துண்டைக் கொடுங்கள். அதைக் கடித்தால் விளையாட்டு தொடரும். இதை நூறு முறை செய்ய வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பத்து முறை செய்துவிட்டு, "டாக்டர் சொன்னது பலிக்கவில்லை" என்று வருகிறவர்கள் நிறைய.

இன்னொன்று, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் அதிகமாகக் கடிக்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாப்பா பள்ளியிலிருந்து வந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து, இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு வருகிற கடி அது. இந்த வயதில் குட்டி ஒரு நாளைக்கு 18 மணி நேரம் தூங்க வேண்டும். தூக்கம் போதாத குழந்தை அடம் பிடிப்பது போல, தூக்கம் போதாத குட்டி கடிக்கும். அரை மணி நேர விளையாட்டு, அப்புறம் திண்ணை ஓரத்தில் ஒரு சாக்கு விரித்துப் படுக்கப் போடுங்கள். பாதிக் கடி இதிலேயே குறையும்.

முந்தானையை இழுப்பதும் காலில் வந்து மோதுவதும் வேறு கதை. ராட்வீலர் பிறந்தது ஜெர்மனியின் ராட்வைல் என்ற ஊரில். மாட்டு வியாபாரிகளும் கசாப்புக்காரர்களும் மந்தையை ஓட்டவும் வண்டி இழுக்கவும் வைத்திருந்த நாய். ரயில் வந்து மாடுகளை ஏற்றிப் போன பிறகு வேலையில்லாமல் அந்த இனமே அருகிப்போனது. 1910-ல் காவல் துறை வேலைக்கு ஏற்ற இனமாக அங்கீகாரம் கிடைத்த பிறகுதான் மறுபடி தலையெடுத்தது. மாட்டை உடம்பால் இடித்துத் தள்ளித் திருப்புவது அதன் பரம்பரைத் தொழில். உங்கள் அம்மா அதற்கு இப்போது ஒரு மாடு. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் வளர்ந்த ஆண் ராட்வீலர் 50 கிலோ வரும். 68 வயதில் ஒருவர் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிய அது கடிக்கவே வேண்டாம், ஆசையாக ஓடிவந்து மோதினாலே போதும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, குட்டி நாலு காலும் தரையில் வைத்திருந்தால் மட்டும் தடவிக் கொடுக்கட்டும். ஒரு துண்டு கேரட் கொடுக்கட்டும். காலைத் தூக்கினால் கையை மடித்துக்கொள்ளட்டும். ஒன்பது கிலோவில் அழகாக இருக்கிற எதையும் 45 கிலோவில் எப்படி இருக்கும் என்று யோசித்துவிட்டுத்தான் அனுமதிக்க வேண்டும்.

சோற்றுத் தட்டு

உறுமல் என்பது நாய் நம்மிடம் சொல்கிற முதல் வார்த்தை. "பக்கத்தில் வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது, இதைப் பிடுங்கிவிடுவாய்." அந்த வார்த்தையைச் சொன்னதற்காக மல்லாக்கப் போட்டு அமுக்கினால் நாய் பயத்தை விடாது, வார்த்தையை விட்டுவிடும். அப்புறம் ஒரு நாள் உறுமாமலே கடிக்கும். "எந்த அறிகுறியும் இல்லை டாக்டர், திடீரென்று பாய்ந்துவிட்டது" என்று என்னிடம் வருகிற நாய்களில் பல இப்படி ஊமையாக்கப்பட்டவை.

அமுக்கிப் பிடிக்கிற இந்த வைத்தியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1947-ல் ருடால்ஃப் ஷென்கல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து, கூட்டத்தில் தலைமைக்குச் சண்டை நடக்கிறது என்று எழுதினார். அந்தக் கருத்தை உலகெங்கும் கொண்டுபோனவர்களில் ஒருவரான டேவிட் மெக், பின்னால் காட்டு ஓநாய்களைப் பல ஆண்டு கவனித்து, 1999-ல் தானே அதை மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம். யாரும் யாரையும் அடக்கித் தலைவராவதில்லை என்றார். சொன்னவரே திருத்திக்கொண்டார். நம் ஊர் நாய் மாஸ்டர்கள் மட்டும் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு வாரம் தட்டே வேண்டாம். ஒரு வேளைத் தீனியை உங்கள் கையிலிருந்து, அடுத்த வேளை மனைவி கையிலிருந்து, பிடி பிடியாகக் கொடுங்கள். இரண்டாவது வாரம் தட்டில் பாதி போட்டுவிட்டு, தள்ளி நின்று, அவன் சாப்பிடும்போது ஒரு துண்டு வேகவைத்த கோழியைத் தட்டுக்குள் எறிந்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மனிதக் காலடி பக்கத்தில் வந்தால் தட்டிலிருப்பது குறையாது, கூடும் என்று அவனுக்குப் புரிய வேண்டும். பாப்பா இந்தப் பயிற்சியில் சேர வேண்டாம். அவன் சாப்பிடும்போது அவள் அந்தப் பக்கமே போகக் கூடாது, அவ்வளவுதான். மூன்று வாரத்தில் உறுமல் குறையாவிட்டாலும், உடம்பு விறைத்து, கண் ஓரத்தில் வெள்ளை தெரிய நம்மை முறைத்தாலும், நேரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடிதத்தில் தீர்க்கிற விஷயம் இல்லை அது.

ரோஷம் ஏற்றுவது

உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் யோசித்தது இதைப் பற்றித்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அரிசி ஆலையிலிருந்து ஒரு ராட்வீலரைக் கொண்டுவந்தார்கள். 14 மாத ஆண். மினி லாரியில், இரண்டு பக்கமும் சங்கிலி பிடித்து நான்கு பேர். இரண்டு மாதக் குட்டியிலிருந்து குடோனுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் கட்டிப் போட்டு வளர்த்தது. சாப்பாடு வைக்கிற ஒரே ஒரு ஆளைத் தவிர வேறு முகம் பார்த்ததில்லை. காது சீழ் பிடித்து நாற்றம் எடுத்ததால் வேறு வழியில்லாமல் வந்திருந்தார்கள். நான் கம்பு எதையும் எடுக்கவில்லை. கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைத்தான் கழற்றினேன். அந்த நாய் அப்படியே தரையோடு தரையாக ஒட்டி, வாலை இடுக்கி, சிறுநீர் விட்டது. அடுத்த நொடி என் கை இருந்த இடத்தில் பல். என் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. மயக்க ஊசி போட்டுத்தான் காதைச் சுத்தம் செய்ய முடிந்தது. அதன் முதலாளி பெருமையாகச் சொன்னார்: "என்ன ரோஷம் பாத்தீங்களா சார்!" நான் பார்த்தது ரோஷம் இல்லை. உலகத்தையே பார்க்காத ஒரு பிராணியின் பயம்.

அந்த ஆலையில் அடுத்த ஆண்டு திருட்டுப் போனது. நாய் குரைத்துக்கொண்டே இருந்ததாம். அது எப்போதும் குரைத்துக்கொண்டே இருந்ததால் யாரும் எழுந்து பார்க்கவில்லை.

குட்டி நாய்க்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14-வது வாரம் வரை ஒரு பருவம். அந்தப் பருவத்தில் பார்த்தது, கேட்டது, மிதித்தது எல்லாம் சாதாரணம் என்று மனதில் பதியும். பார்க்காதது எல்லாம் பின்னால் சந்தேகத்துக்குரியது ஆகும். கருப்பனுக்கு இப்போது கிட்டத்தட்ட 11 வாரம். எனவே கையில் மூன்று வாரம் இருக்கிறது. இந்த மூன்று வாரத்தை இருட்டறையில் கழித்தால், அதைத் திரும்ப வாங்க அப்புறம் மூன்று வருடம் உழைத்தாலும் முழுதாகக் கிடைக்காது.

"மூன்று ஊசியும் முடியாமல் வெளியே விடக் கூடாது என்றார்களே" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் தருகிற பார்வோ வைரஸ் பற்றிய பயம் உண்மையானது. ராட்வீலருக்கு அது மற்ற இனங்களைவிடக் கடுமையாகத் தாக்குகிறது. தெருநாய் நடமாடும் இடத்தில், சாக்கடை ஓரத்தில், மண்ணில் இறக்கிவிடக் கூடாது. ஆனால் இறக்கிவிடாமலேயே ஊர் காட்டலாம். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் தாண்டிவிட்டது, போதும். ஒன்பது கிலோதான், தூக்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மனைவி வண்டி ஓட்ட, நீங்கள் பின்னால் மடியில் வைத்துக்கொண்டு பால் சொசைட்டி வாசலில் பத்து நிமிடம். இன்னொரு நாள் பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே. ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தாடிக்காரர், கைத்தடி ஊன்றி வருகிறவர், வேட்டியை மடித்துக் கட்டியவர், தலையில் கூடை சுமந்தவர். ஒவ்வொரு புதிய முகத்துக்கும் ஒரு சின்னத் துண்டு தீனி. அவன் பின்வாங்கினால் நீங்களும் தள்ளிப் போங்கள். பிடித்து இழுத்து யார் கையிலும் கொடுக்காதீர்கள். வீட்டுக்குள் குக்கர் விசில், மிக்ஸி, கோயில் மேளத்தைச் செல்போனில் மெதுவான சத்தத்தில். தீபாவளிக்கு முன்னால் வெடிச் சத்தமும் அப்படியே. தடுப்பூசி போட்ட, குணமான நாய் யார் வீட்டிலாவது இருந்தால் அதையும் அழைத்து வரலாம்.

இப்படி எல்லோருடனும் பழகினால் திருடனிடமும் வாலாட்டிவிடுமே என்பது உங்கள் பயம். ஆட்டாது. ராட்வீலர் ஒன்றரை, இரண்டு வயதில் முதிரும்போது தன் வீடு, தன் ஆட்கள் என்ற எண்ணம் தானாகவே வரும். சாதாரணம் எது என்று தெரிந்த நாய்க்குத்தான் இரவு இரண்டு மணிக்கு மதில் ஏறுகிறவன் சாதாரணம் இல்லை என்று தெரியும். சிலிண்டர் கொண்டுவருகிறவரும் திருடனும் ஒன்றாகத் தெரிகிற நாயை வைத்துக்கொண்டு, சிலிண்டர்காரர் பல்லில் மாட்டிய பிறகு, நீங்கள்தான் ஸ்டேஷனில் நிற்பீர்கள். தோட்டத்துக்கு உங்களுக்குத் தேவை, ஆள் வந்தால் குரல் கொடுக்கிற ஒரு நாய். அதற்கு ஒரு கோம்பையோ நல்ல நாட்டு நாயோகூடப் போதும், செலவும் கால் பங்குதான். வாங்கிய பிறகு இதைச் சொல்வதில் பயன் இல்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மிளகாய்ப்பொடி பற்றி ஒரு வரி போதும்: வயிற்றுப்புண் வரும், ரோஷம் வராது. பச்சை மாமிசம் கொடுத்தால் வெறி ஏறும் என்பதும் அதே ரகம்.

பயிற்சிக்கு ஆள் வைக்கலாம், தப்பில்லை. ஆனால் "இரண்டு மாதம் என்னிடம் விடுங்கள், முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் விடாதீர்கள். அங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அவருக்குக் கட்டுப்படுகிற நாய் உங்கள் மனைவிக்குக் கட்டுப்படும் என்றும் சொல்ல முடியாது. உங்கள் கண் முன்னால், உங்கள் முற்றத்தில், வீட்டில் எல்லோரையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிறவராக இருக்கட்டும். கையில் பாய்ந்து கடிக்கப் பழக்குகிற 'அட்டாக்' பயிற்சி வேண்டவே வேண்டாம். அப்புறம் சொற்களை முடிவு செய்யுங்கள். நீங்கள் "சிட்" என்கிறீர்கள், மனைவி "உட்காரு", அம்மா "ஒக்கார்றா சாமி". கருப்பன் பாவம், மூன்று மொழி படிக்கிறான். அம்மாவுக்கு வாயில் வருகிற சொல் எதுவோ அதையே எல்லோரும் சொல்லுங்கள். கூப்பிட்டால் வருவது, வாயில் இருப்பதை விடுவது, கயிற்றை இழுக்காமல் நடப்பது, உட்கார்ந்து காத்திருப்பது: முதல் ஆறு மாதத்துக்கு இந்த நாலு போதும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை.

கடையில் 'மசில்' என்று கேட்டால் கொடுக்கிற கூடை மாதிரியான வாய்மூடியையும் இப்போதே வாங்குங்கள். உள்ளே கொஞ்சம் தயிர் தடவி, அவனாகவே மூக்கை நுழைக்கட்டும். எட்டு மாதம் வரை அதைச் சாப்பாட்டுக் கிண்ணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தால், பெரியவனான பிறகு ஊசிக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ போகும்போது சண்டை இருக்காது.

கால்சியம் பாட்டில்

காலையில் பாலும் பிஸ்கட்டும், மதியம் சோறும் ஈரலும், இரவு கடையில் வாங்கிய குட்டித் தீனி, அதன் மேல் தினமும் இரண்டு ஸ்பூன் கால்சியம் டானிக். எலும்பு கனமாக வரட்டும் என்று விற்றவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பெரிய இன நாய்க்கு எலும்பு கனமாக வர வேண்டியதில்லை, மெதுவாக வர வேண்டும். வளர்ந்த நாய் தேவைக்கு மேல் வருகிற கால்சியத்தை உடம்பில் ஏற்காமல் தள்ளிவிடும். குட்டியால் அது முடியாது, கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். விளைவு கோணல் கால், மூட்டு வலி. இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் ஏற்கெனவே இந்த இனத்தின் பலவீனம்.

பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாரித்த தீனியை மட்டும் ஒரு நாளைக்கு மூன்று வேளை கொடுத்தால் டானிக் தேவையில்லை. வீட்டுச் சாப்பாடுதான் என்றால் கதை வேறு: சோறும் கறியும் மட்டும் தின்கிற குட்டிக்கு உண்மையிலேயே கால்சியம் போதாது. அப்போது எவ்வளவு சேர்ப்பது என்பதை எடை பார்த்து உங்கள் மருத்துவர் எழுதித் தர வேண்டும், ஸ்பூன் கணக்கில் கூடாது. ஈரல் வாரம் ஒரு முறை, சின்னத் துண்டு. பாலை நிறுத்திப் பாருங்கள், நீங்கள் எழுதியிருக்கிற இளகலான மலம் அநேகமாக நின்றுவிடும். விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். குண்டுக் குட்டி ஆரோக்கியமான குட்டி இல்லை.

வழவழ டைல்ஸில் ஓடவிடாமல் சாக்கோ பாயோ விரியுங்கள். ஒன்றரை வயது வரை வண்டிக்குப் பின்னால் ஓடவிடுவது, மாடிப்படி ஏறி இறங்குவது, உயரத்திலிருந்து குதிப்பது வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் கறுப்பு நாய் சீக்கிரம் சுருண்டுவிடும். காலை ஆறரைக்குள் நடையை முடித்துவிடுங்கள். உண்ணிக்கு மாதாமாதம் மருந்து. உண்ணிக் காய்ச்சல் உங்கள் பக்கம் சாதாரணமாக வருகிறது. கருத்தடை அவசரம் இல்லை. ஒரு வயதுக்கு முன் அந்த அறுவை செய்த ராட்வீலர்களில் எலும்புப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டதாக 2002-ல் ஒரு ஆய்வு வந்தது. அதனால் வளர்ச்சி முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம். வாலை வெட்ட யாராவது ஆலோசனை சொன்னால் அதற்கும் இல்லை என்று சொல்லுங்கள். அந்த நாயின் சொந்த நாடான ஜெர்மனியே 1998-ல் அதை நிறுத்திவிட்டது.

தடை உண்டா, பொறுப்பு யாருக்கு?

நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த இனத்தை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பதால் தெரிந்து வைத்திருக்கிறேன். 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை, ராட்வீலர் உட்பட 23 வகை நாய்களுக்கு உரிமம் தரக் கூடாது என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றமும் தில்லி உயர் நீதிமன்றமும் அதை ரத்து செய்தன. மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியது உங்களுக்கு நினைவிருக்கும், உரிமையாளர் கைதானார். உள்ளாட்சி அமைப்புகள் தனித்தனியாக விதி போட்டுக்கொண்டிருக்கும் காலம் இது. ஆகவே உங்கள் பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் உரிமம் பற்றி நேரில் விசாரித்து, தடுப்பூசி அட்டையோடு பதிவு செய்து, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இனத்துக்குத் தடை இல்லாத ஊரிலும், கடித்தால் பொறுப்பு உங்களுக்குத்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி, ஆளுக்கு ஆபத்து வராதபடி தன் விலங்கைக் கவனிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை மாட்டியிருந்தேன் என்பது தப்பிக்கும் வழி ஆகாது. கேட்டுக்குத் தானாக மூடும் தாழ்ப்பாள், உள்ளே இன்னொரு சின்ன கேட், பாப்பாவும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அவனோடு பெரியவர் இல்லாமல் ஒரு நிமிடம்கூடத் தனியாக இல்லை. இந்த மூன்றும் வழக்கைவிட மலிவு. நாளெல்லாம் குட்டைச் சங்கிலியில் கட்டிப் போடுவதும், கட்டியே வைத்து நடக்கவிடாமல் இருப்பதும் 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதும் அதில் அடக்கம்.

வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

மனைவி பயந்தாங்கொள்ளி என்பது போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலை ஏழு முதல் இரவு எட்டரை வரை கருப்பனோடு இருக்கப்போவது அவர். நான் மேலே எழுதிய ஐந்து நிமிடப் பயிற்சி, கையால் தீனி, தூக்கம், கழுவல் எல்லாவற்றிலும் முக்கால் பங்கு அவர் தலையில் விழும். நாயை வாங்கியது நீங்கள், வளர்க்கப்போவது அவர். எனவே இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். "இவ்வளவும் என்னால் முடியும், நீங்களும் காலை ஒரு மணி நேரம் முன்னால் எழுந்தால்" என்று அவர் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அதற்கு மேல் வற்புறுத்த வேண்டாம்.

கொடுப்பதென்றால் இப்போது கொடுங்கள். எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை ராட்வீலருக்கு வாலிபம். சொன்ன பேச்சு கேட்காது, மற்ற ஆண் நாயைப் பார்த்தால் இழுக்கும். பெரும்பாலானவர்கள் கைவிடுவது அப்போதுதான். பத்து மாதத்தில், 40 கிலோவில், உறுமத் தெரிந்த ஒரு நாயை வாங்கிக்கொள்ள நல்ல வீடு கிடைக்காது, அரிசி ஆலை கொட்டகைதான் கிடைக்கும். 75 நாளில் கிடைக்கும். விற்றவரிடம் முதலில் கேளுங்கள். வேறு ஆளிடம் கொடுத்தால் அங்கே பகலில் ஆள் இருக்கிறதா, எங்கே கட்டுவார்கள், முன்பு பெரிய நாய் வளர்த்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். உறுமுவதை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள்.

எந்த முடிவானாலும் அடுத்த வாரம் இரண்டாவது ஊசிக்கு அவனைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. மேசையில் வைத்ததும் குத்தச் சொல்லாதீர்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போய், அங்கே இருக்கிறவர்கள் கையால் நான்கு துண்டு தீனி தின்றுவிட்டு, அப்புறம் ஊசி. பாப்பாவின் 28-ம் நாள் ஊசியைத் தேதிக் காலண்டரில் குறித்து வைத்துவிட்டீர்களா? மூன்று ஊசி வரை ஒழுங்காக வருகிறவர்கள் அந்த நான்காவதைத்தான் மறக்கிறார்கள்.